குயின்ஸ்லாந்து மணிக்கூடு

கடவுளே, ஏழரை ஆகியும் இந்த மனுசனைக் காணவில்லை. 1975 டிசம்பர், தேர்தல் சனிக்கிழமை. சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் வீட்டுக்கு எதிரே உள்ள பள்ளிக்கூடத்தில்தான் வாக்களிப்பு. இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

என் கணவர் யோகேஸ்வரனுக்குக் குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பிரிஸ்பேனில் தற்காலிக வேலை. பெயர் சிட்னியில் பதிந்திருந்ததால் அங்கே வோட்டுப் போட முடியாது. விடியவே காரில் வெளிக்கிட்டவர், மத்தியானம் வழியிலிருந்து ஃபோன் எடுத்தார். "ஏழரைக்கு வாசலிலை நிப்பன். ரெண்டு பேருமாய்ப் போவம், நில்லும்."

நின்றேன். அவர் வராமல் சோற்றையே தொடாதவள், வோட்டை மட்டும் தனியாகப் போடுவேனா?

பயமெல்லாம் தம்பி கணேசலிங்கத்தை நினைத்துத்தான். அவனை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கூப்பிட நான்தான் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்திருந்தேன். இந்த நாட்டில் வோட்டுப் போடாவிட்டால் தண்டக் காசு கட்டவேண்டும். "தண்டத்தோடை விடுவாங்களோ? அரசாங்கத்திலை உம்மடை பேர் கெட்டுப்போம். பிறகு தம்பி வந்த மாதிரித்தான்" என்று என்னோடு வேலை செய்யும் வைதேகி அக்கா பயமுறுத்தியிருந்தார்.

ஏழே முக்கால். கார் எங்காவது கவிழ்ந்துவிட்டதோ என்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். சப்பாத்தைப் போட்டேன், கழற்றினேன், திரும்பப் போட்டேன். ரோட்டைக் கடந்தால் போதும். ஆனால் நான் முந்திக்கொண்டால் அவர் முகம் சுருங்குமே! அந்த முகத்துக்குப் பயந்து யன்னலடியிலேயே நின்றேன். எட்டு மணிக்குக் கதவு சாத்துவதைக் கண்ணாலே பார்த்தேன்.

எட்டரைக்குக் கார் வந்தது. மனுசன் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பாத்தீரே, சொன்ன சொல்லுத் தவறேல்லை. சரியா ஏழரை. வெளிக்கிடும்."

அவர் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழரைதான். கோடை வந்தால் சிட்னியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவோம், குயின்ஸ்லாந்தில் தள்ளுவதில்லை. எல்லை தாண்டி வந்தவர் அதை மறந்தே போனார்.

"இஞ்சை எட்டரையப்பா! பூட்டிப்போட்டாங்கள்!" என்று கத்தினேன். "என்ரை தம்பியின்ரை கதி என்ன?"

முகம் வெளிறிப்போனார். பிறகு சமாளித்தார். "ஏன் போடேல்லை எண்டு விளக்கம் கேப்பாங்கள். மணிக்கூட்டைச் சொல்லுவம். நியாயமான காரணம்தானே?"

"அது உங்கடை காரணம். நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் எதிரே இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முன்னுக்குத்தானே கிடக்கு. நீர் போய்ப் போட்டிருக்கலாமே?" என்றார்.