மைக்கில் ஓர் உறுதிமொழி

2003-ல் ஸ்ரீவித்யாவை அந்தத் தொழிற்சாலையின் எதிக்ஸ் ஆபீசராகப் போட்டார்கள். ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியைத் தாண்டி, மருத்துவக் கருவிகளுக்குச் சர்க்யூட் போர்டு செய்யும் ஐரோப்பியக் கம்பெனி அது. ஏதோ ஒரு நாட்டில் லஞ்ச வழக்கில் மாட்டி அபராதம் கட்டிய கம்பெனிக்கு, திடீரென்று உலகம் முழுக்க ஒழுக்கம் தேவைப்பட்டது. பெங்களூருக்கும் வந்து சேர்ந்தது: வழவழப்பான ஒரு நெறிமுறைப் புத்தகம், சுவரெல்லாம் போஸ்டர், பேர் சொல்லாமல் புகார் செய்ய ஒரு போன் நம்பர்.

ஸ்ரீவித்யா இதையெல்லாம் நம்பினாள். அசெம்பிளி வரிசையில் வேலை பார்த்த பெண்களை உட்கார வைத்துத் தமிழிலும் கன்னடத்திலும் வகுப்பெடுத்தாள். "உங்க பேர் கேக்க மாட்டாங்க. நடந்ததைச் சொல்லிட்டு வெச்சிடலாம்" என்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். பொம்மனஹள்ளிச் சந்து ஒன்றிலிருந்து வருகிற சுனிதா. ஜலதோஷம் பிடித்த மாதிரிக் கரகரத்த குரல்.

"நெஜமா யாருக்கும் தெரியாதா மேடம்?"

"தெரியாது. நான் கேரண்டி."

மாதம் ஒன்று போயிருக்கும். புகார் லைனில் பதிவான குரல் ஒன்றைத் தலைமை அலுவலகம் அவளுக்கு அனுப்பியது. தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஸ்ரீவித்யா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"ஷிப்டு முடிஞ்சி போறப்போ கேட்டாண்ட செக் பண்றாங்க. பார்ட்ஸ் திருடறோமான்னு. செக்யூரிட்டி சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன் அவரே கைய வெச்சித் தடவறாரு. லேடீஸ் யாரையாவது போடுங்கன்னா சிரிக்கறாரு. கைய தட்டிவிட்ட பொண்ண மறுநாளே உள்ள விடல. நாங்க எங்க போயி சொல்றது?"

அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். நான் கேரண்டி என்று தான் சொன்னதும் ஞாபகம் வந்தது. பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். யார் குரல் என்று எழுதவில்லை.

இரண்டு நாளில் பிளாண்ட் ஹெட் பத்ரிநாத் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நுழையும்போதே சுனிதாவின் குரல் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் நடவடிக்கைக்காக என்று பதிவை அவருக்கே அனுப்பிவிட்டிருந்தது தலைமை அலுவலகம். எதிர் நாற்காலியில் முனிகிருஷ்ணன். முன்னால் டீ, தட்டில் மசால் வடை. கைய வெச்சித் தடவறாரு என்ற இடம் வந்ததும் அவன் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரல்களைப் பேண்ட்டில் துடைத்தான்.

"வித்யா, யாருன்னு தெரியறதா? ட்ரெயினிங் எடுத்தவா நீங்கதானே."

"தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

"கரெக்ட், கரெக்ட். சும்மா கேட்டேன்" என்று பத்ரிநாத் சிரித்தார்.

அடுத்த வாரம் அவரே ஒரு யோசனையோடு வந்தார். எதிக்ஸ் டே கொண்டாடலாம். எல்லாப் பெண்களும் மைக்கில் உறுதிமொழி எடுக்கட்டும், ஒவ்வொருவராக. "தமிழ்ல எழுதுங்கோ. தாய்மொழியில சொன்னாத்தான் மனசுல நிக்கும்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதில் மனுஷருக்கு உறுத்திவிட்டது போலிருக்கிறது என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். சந்தோஷமாகவே உட்கார்ந்து எழுதினாள்: 'தப்பு நடந்தால் நான் பயப்படாமல் பேசுவேன்.'

அன்றைக்கு ஷாப் ப்ளோரில் பலூன் கட்டியிருந்தார்கள். லட்டு வந்திருந்தது. நீலக் கோட்டும் தொப்பியுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, மைக்கைப் பிடித்து, அந்த வரியைச் சொல்லி, லட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த ஸ்ரீவித்யா, தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் பார்த்தாள். ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி முனிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒருத்தி பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த பத்ரிநாத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தான். அடுத்தவள் பேசினாள். மறுபடி இல்லை.

அவளுக்குப் புரிந்தபோது முதலில் பயம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. தன் கையால் எழுதிய வரி. அதைத் தூண்டில் புழுவாக மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெண்ணும் பயப்படாமல் பேசுவேன் என்று சொல்லச் சொல்ல, அவன் காதும் அவர்களைத் தடவிக்கொண்டிருந்தது.

மைக்குக்கு முன்னால் இன்னும் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் சுனிதா. முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

ஸ்ரீவித்யா போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் இனிமே பேச வேண்டாம். பேர் சொல்லாம ஒருத்தர் புகார் குடுத்திருக்காங்க. அது யார் குரல்னு கண்டுபிடிக்கத்தான் இந்த உறுதிமொழி. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

"வித்யா, என்ன இது? மைக்கைக் குடுங்கோ" என்று பத்ரிநாத் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

வேதநாயகி என்ற மூத்த தொழிலாளி தன் லட்டை மேஜைமேல் வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள். கேண்டீனைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். சாயங்காலம் வரை அசெம்பிளி வரிசை ஓடவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி பறந்து வந்தாள். எல்லோரையும் தனித்தனியாக விசாரித்தாள், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில் முனிகிருஷ்ணனை ஓசூர் குடோனுக்கு மாற்றினார்கள். கேட்டில் பெண் காவலர்களைப் போட்டார்கள். பத்ரிநாத்துக்கு உள்நோக்கம் இருந்ததாக ஆதாரம் இல்லை. ஸ்ரீவித்யா மட்டும், புகார் வந்த விஷயத்தைப் பலபேர் முன்னால் வெளியிட்டதால் ரகசியக் காப்பு விதியை மீறியவளானாள். ராஜினாமா செய்தால் கௌரவமாக இருக்கும் என்றாள் அந்தப் பெண்மணி. அந்தக் கிளையில் நெறிமுறைப் புத்தகத்தின்படி வேலை போன முதல் ஆள், அதைப் பாடம் நடத்தியவளேதான்.

"நம்ம சிஸ்டம் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்" என்று அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னபோது, ஸ்ரீவித்யா ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேஜையைக் காலி செய்யும்போது பத்ரிநாத் வந்து நின்றார். "எங்காத்துப் பொண்ணு மாதிரி நினைச்சுண்டு சொல்றேன். அடுத்த எடத்துல இப்படி அவசரப்படாதீங்கோ" என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாலைந்து மாதம் கழித்து பொம்மனஹள்ளி மார்க்கெட்டில் சுனிதா எதிர்ப்பட்டாள். கையில் கொத்தமல்லிக் கட்டு. அந்தக் குரல் உன்னுடையதுதானே என்று ஸ்ரீவித்யா கேட்கவில்லை, சுனிதாவும் சொல்லவில்லை.

"இப்போ கேட்ல தொந்தரவு இல்லியே?"

"லேடீஸ்தான் செக் பண்றாங்க மேடம், பர்வால்ல. பத்ரி சாருக்கு ஏதோ எதிக்ஸ் அவார்டாம். கேண்டீன்ல பெர்சா போட்டோ மாட்டிக்கிறாங்க. எல்லாரும் அந்த சுவத்துக்கு முதுகு காட்டி உக்காந்துதான் துன்றோம்" என்றாள் சுனிதா. "இல்லாட்டி சோறு எறங்கல."