பதினான்காம் எண் பனியன்

கால்பந்துக் கழகத்தின் முகாமிலிருந்து கழித்துவிடப்பட்ட ஆட்டக்காரன் கடைசியாக வரவேண்டிய இடம் சலவை அறை. கொடுத்த உடுப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்து, சலவைக்கார அக்காவிடம் சீட்டில் கையெழுத்து வாங்கினால்தான் வாசல் காவலர் கதவைத் திறப்பார். முகாமுக்கு வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். அணியில் இடம் இருபத்துமூன்று பேருக்கு. மிச்சம் ஐந்து பேரை வழியனுப்பும் பாவம் வருடா வருடம் அக்காவின் தலையில்தான் விழும். பயிற்சியாளர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பலகையில் பட்டியலை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். பிள்ளைகளை அனுப்புகிற லட்சணமா இது என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை ஐந்தாவதாக வந்து நின்றவன் அணில். காற்றாய் ஓடுவதால் அந்தப் பெயர். இடப்பக்கத் தடுப்பாட்டத்துக்கு மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு அவனும் வாத்தியாரும் போட்டி. மைதானத்துக்கு வெளியே கண்ணாடி போட்டுக்கொள்வதால் மற்றவனுக்கு வாத்தியார் என்று பெயர். நேற்றைய ஓட்டச் சோதனையில் தான் தோற்றுவிட்டதாகப் பட்டியலைப் பார்த்துத்தான் அணிலுக்கே தெரிந்தது.

"எண்ணிக்கோங்க அக்கா. ஒரு காலுறை மட்டும் ஓட்டை. அது என் கட்டைவிரல் செஞ்ச வேலை, கழகத்துக்குச் சம்பந்தமில்ல."

அவன் சிரித்துக்கொண்டே ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினான். ஒவ்வொருவன் உடுப்பையும் அவனவன் எண் போட்ட வலைப்பையில் போட்டுத்தான் துவைப்பார்கள். அக்கா அவனுடைய பதினான்காம் எண் பையைக் கவிழ்த்தாள். ஓட்டத்தை அளக்கும் கருவி வைத்துத் தைத்த பனியன் விழுந்தது. கழுத்துக்கு உள்பக்கம் பொடி எழுத்தில் பதினைந்து. அந்த எண்ணின் பேரில்தான் ஓட்டம் கணினியில் பதிவாகும்.

அக்கா அதை மறுபடி திருப்பிப் பார்த்தாள். முந்தாநாள் உலர்த்தும் எந்திரம் நின்றுபோனதால் எல்லாப் பனியனையும் நீராவிக் குழாய்மேல் காயப்போட்டு, அவசரத்தில் பைகளில் திணித்தவள் அவள்தான். பதினைந்து வாத்தியாருடையது. அவன் பையைத் திறந்தாள். உள்ளே பதினான்கு.

"நேத்து இதைத்தான் மாட்டிக்கிட்டு ஓடினியா தம்பி?"

"பையில இருந்ததை மாட்டினேன். ஏன்கா?"

"சீட்டை மடிச்சு வை. நான் வர்றவரைக்கும் எங்கயும் போகாதே."

துணைப் பயிற்சியாளர் கணினிமுன் உட்கார்ந்து ரொட்டியைத் தோசைபோல் சுருட்டி மென்றுகொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு மென்றதை விழுங்கினார்.

"பட்டியல் வெளியே போயிடுச்சு. பத்திரிகைக்கும் குடுத்தாச்சு. கருவி பொய் சொல்லாதும்மா."

"கருவி பொய் சொல்லலை சார். நான்தான் பனியனை மாத்தி வச்சேன்."

"அப்போ தப்பு உங்களுது. வெளிய சொன்னா முதல்ல உங்க வேலைதான் போகும். பேசாம கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. நல்லதுக்குச் சொல்றேன்."

யாருடைய நல்லதுக்கு? ஒருவன் பிழைப்பை இன்னொருவன் கணக்கில் எழுதிவிட்டு, அதை மூடி மறைப்பதற்கும் நல்லது என்று பெயரா?

"என் வேலை போனா போகட்டும். அவன் சீட்டுல என் கை படாது."

திரும்பினாள். கதவருகே வாத்தியார் நின்றுகொண்டிருந்தான். புது உடுப்பு வாங்க அக்காவைத் தேடி வந்தவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினான்.

"நேத்து பாதியிலயே எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு அக்கா. காலைல பேரைப் பாத்ததும், கடவுள் கண்ணைத் தொறந்துட்டார்னு நெனச்சேன்."

"அவர் எப்ப தம்பி மூடினார்?"

ஊரில் அவன் அம்மா அதற்குள் மகன் தேர்வானதைத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள் என்று அக்காவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு போனால் யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அவனே தலைமைப் பயிற்சியாளர் அறையை நோக்கி முதலில் நடந்தான். அக்கா இரண்டு பனியன்களோடு பின்னால் போனாள்.

தலைமைப் பயிற்சியாளர் கழுத்து எண்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"சலவைப் பிரிவுக்கு எச்சரிக்கைக் கடிதம் தயார் பண்ணுங்க" என்றார், பின்னாலேயே வந்துவிட்ட துணைப் பயிற்சியாளரைப் பார்த்து.

"குடுங்க சார், வாங்கிக்கிறேன்" என்றாள் அக்கா. "பாதியில நொண்டினவன் யாரு, கடைசிவரை ஓடினவன் யாருன்னு ஒருத்தராவது கண்ணால பாத்திருந்தா இந்தக் கடிதமே தேவையில்ல."

பனியன்களை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாத்தியாரின் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். உண்மை சொன்ன பிள்ளையை வாசல்வரை கொண்டுவிட ஓர் ஆள் இல்லை. துவைக்கும் எந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அவன் பயணப் பையின் ஒரு காதை அவளே பிடித்தாள். இரண்டடி வைப்பதற்குள் இன்னொரு கை வந்து அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. அணில்.

"நீ விடுடா, நான் தூக்கிக்கிறேன்" என்றான் வாத்தியார்.

"நொண்டிக்கிட்டு எவ்வளவு தூரம் தூக்குவே? வாயை மூடிக்கிட்டு நட."

மைதானத்தில் அணியை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். துணைப் பயிற்சியாளர் அங்கிருந்து கத்தினார்: "எங்கடா போறே? உனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க!"

"பஸ் ஏத்திட்டு வந்துடறேன் சார்" என்ற அணில் திரும்பிப் பார்க்காமலே நடந்தான்.

இருபத்திரண்டு பேரும் பயிற்சியாளர்களும் வெயிலில் நின்றார்கள். நிற்கட்டும் என்று அக்கா, வாசல் காவலரை முந்திக்கொண்டு தானே கதவைத் திறந்துவிட்டாள்.