கரண்ட் போனால் அழும் பையன்

எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் கிரணுக்கு இருட்டென்றால் பயமாம். கரண்ட் போனதும் அழுவான், வந்ததும் நிறுத்திவிடுவான். தெருவே அப்படித்தான் சொல்லும். ஆரணியில் வீட்டுக்கு வீடு பட்டு பவர்லூம் ஓடுகிற தெரு இது. தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்கு வரும். இந்தச் சின்ன விஷயம் இத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் புரியவில்லையாம்!

"பட்டப்பகல்ல இன்னாம்மா இருட்டு?" என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "ஊட்டுக்குள்ள இருட்டுதானே? உனுக்கு இன்னாத்துக்கு ஊர் பேஜாரு?" என்றாள். எங்கள் வீட்டுக்கும் கிரண் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

கிரணின் பெரியப்பா பரசுராமன் தெருவுக்கே பெரியவர். தம்பி மகன் இருட்டுக்குப் பயப்படுகிறானே என்று எமர்ஜென்சி லைட் வாங்கிக் கொடுத்த மகராசன். அவர் தலைமையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை 'குழந்தைகளை அடிக்காதீர்' கூட்டம். கோயில் முன்னால் பந்தல், ஃபேன், மைக் எல்லாம் அவர் உபயம்.

பதினோராம் வகுப்புப் பெண்கள் நாங்கள் நாடகம் போட்டோம். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடிபடும்; நான் போனை எடுத்துக் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்வேன்; அவ்வளவுதான் கதை. போன் கீதா டீச்சருடையது. "அழுத்தற மாதிரி நடிச்சா போதும் தேவிப்ரியா. பச்சை பட்டனத் தொட்டுடாத, நெஜமாவே போயிடப் போவுது" என்று படித்துப் படித்துச் சொன்னார். நிஜமாகவே போய்விட்டால் எவ்வளவு ஆபத்து, பாருங்கள்.

மைக் கேட்க வேண்டுமே என்று எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னார் பரசுராமன். சம்பந்தி வந்தாலும் நிற்காத தறிகள் நின்றன. "கொயந்தையும் தெய்வமும் ஒண்ணுங்க" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். ஊருக்கு உபதேசம் என்றால் அவருக்குத் தொண்டை வலிக்காது.

நான் மேடையில் போனைக் கையில் எடுத்தேன். அழுகை கேட்டது. "பரவால்லயே, பொண்ணு நல்லா அழுவுது" என்று முன்வரிசையில் ஒரு அக்கா மெச்சினாள். அழ வேண்டிய மதிவதனி இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"வேணாம்ப்பா, வேணாம்ப்பா!" கிரணின் குரல். நாடகம் பார்க்கப் போகிறேன் என்று அடம்பிடித்தானாம், பிறகுதான் தெரிந்தது. தறி நின்றிருப்பது அவன் அப்பா சிவகுமாருக்கு ஆத்திரத்தில் உறைக்கவில்லை.

பரசுராமன் மைக்கைப் பிடித்தார். "ஒண்ணுமில்லங்க, நம்ம தம்பி பையன்தான். கரண்ட் போனா பயந்துக்குவான்."

"கரண்ட் எங்க மாமா போச்சு? மைக்குலதானே பேசிகினு இருக்கீங்க!" என்றேன்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிஜமாகவே 1098ஐத் தட்டினேன். பச்சை பட்டனை அழுத்திவிட்டேன். "ஏய், ஏய்" என்று எழுந்த கீதா டீச்சர் என் பக்கம் வரவில்லை. நேராகப் போய்ச் சிவகுமார் வீட்டுக் கதவை இடித்தார். மதிவதனியும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

"சொல்லும்மா" என்றது போனில் ஒரு பெண் குரல். தெரு, வீடு, கிரண் பெயர் எல்லாம் சொன்னேன்.

"இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்காங்களா? கேட்டவங்க, பாத்தவங்க, பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பந்தலைப் பார்த்து நீட்டினேன். பந்தல் நிறையப் பெரியவர்கள். ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். இன்னொருவர் தூங்கும் குழந்தையைத் தட்டித் தூங்கவைத்தார். சீ, இதெல்லாம் ஒரு தெருவா! யாரும் வாயைத் திறக்காவிட்டால், 'விளையாடும்போது விழுந்தான்' என்று சிவகுமார் சொல்வார். கிரண் திரும்ப அதே வீட்டுக்குள்தான் போவான்.

பரசுராமன் கீழே இறங்கி என் அம்மாவிடம் போனார். "லீலா, ஜல்தியா போயி உன் தறியப் போடும்மா. மானம் போவுது."

அவர் கொடுக்கும் பட்டு நூலில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அம்மா எழுந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மேடையேறி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பக்கத்து ஊடுதாம்மா நான். ரெண்டு வருசமா கேட்டுகினுதான் இருக்கேன்" என்றாள். "கரண்ட் வந்தா இந்தத் தெருவுல மொதல்ல தறி போடறவ நான்தான். அந்தப் புள்ள அழுவறத காதால கேக்க முடியாது. அதான் ஓடிப்போயி போட்டுடுவேன்."