சும்மா கத்துது

நர்ஸ் அவர் மனைவியின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கவ்வியைக் கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். அப்போதும் கட்டிலுக்கு மேலிருந்த கருவி கத்துவதை நிறுத்தவில்லை. அவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, திரையில் ஏறி இறங்கும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை நம்புவது அவருக்குத் தொழில் கொடுத்த பழக்கம். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "என்னையும் நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தித்தான் கூட்டிட்டு வந்தார்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் மனைவி. சிரிப்பெல்லாம் முதல் ஆபரேஷனோடு நின்றுபோனது. இப்போது நினைவில்லாமல் கிடந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மகன் வந்தான். இதே மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக வந்திருந்தான். தலையில் பச்சைத் தொப்பி அப்படியே இருந்தது. அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"கை ஜில்லுன்னு இருக்கு, அதான். சும்மா கத்துது. வாயைப் பொத்து" என்றான் நர்ஸிடம்.

நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது.

அவர் மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ அவசரமோ இல்லாத குரல். வேலை நேரத்தில் வாய் தானாகச் சொல்லிப் பழகிய வார்த்தை.

அந்த வார்த்தையை அவர் முன்பே கேட்டிருக்கிறார், மனைவியின் வாயிலிருந்து.

அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அறுவை டாக்டர் தயங்கினார். சொந்தத் தாய்க்கு மகன் மயக்கம் கொடுப்பது வழக்கமில்லை, வேறொருவர் கொடுக்கட்டும் என்றார். இவர் விடவில்லை. பெற்ற பிள்ளை இருக்கும்போது வீட்டுப் பெண்பிள்ளையை வெளியாள் கையில் ஒப்படைக்கும் குடும்பம் தம்முடையது அல்ல என்று சொல்லிவிட்டார். மகன் தாளில் படம் போட்டு விளக்கினான். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். மூளை எவ்வளவு ஆழத்தில் தூங்குகிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். எண் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நின்றால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஏறினால் கருவியே கத்திச் சொல்லிவிடும். மூளைக்கும் ஒரு தராசு வந்துவிட்டதென்று அவர் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் சொன்னாள். பாதியில் விழித்துக்கொண்டதாக. கண் திறக்கவில்லை, கை கால் ஒன்றும் அவள் பேச்சைக் கேட்கவில்லை, ஆனால் வயிற்றுக்குள் நடப்பது முழுக்கத் தெரிந்ததாக. அவர் மகனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, மறுபடி சொல் என்றார். அவள் மகனைப் பார்க்காமல், இவரைப் பார்த்தே சொன்னாள்.

"ஒரு விரலையாவது ஆட்டிக் காட்டிடலாம்னு பார்த்தேன், முடியல. உள்ளுக்குள்ளயே கத்தினேங்க. வாயில சத்தமே வரல. அது இவனுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சோ தெரியல. 'சும்மா கத்துது, வாயைப் பொத்து'ன்னு சொன்னான்."

மயக்கம் தெளிகிற நேரத்தில் இப்படிக் கனவு வருவது உண்டு என்றான் மகன். எண் ஒரு நிமிஷம்கூட மேலே போகவில்லை என்றான். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தராசு முள் பொய் சொல்லிப் பார்த்ததில்லை அவர். தராசைப் பிடிக்கிறவர்கள் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். பெற்றவளைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது வாயைப் பொத்தச் சொல்வானா? அந்த ஒரு வார்த்தையே அது கனவு என்பதற்குச் சாட்சி என்று நினைத்தார். "இந்தப் பேச்சு இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றார். தாண்டவில்லை. அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. படுக்கையில் வலது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்வாள். போர்வை அசைவது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவர் அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

கட்டி மறுபடி வந்தது. ஆபரேஷன் மேசையில் மறுபடி ஏற மாட்டேன் என்று அவள் கடைசிவரை ஒரே பிடியாக இருந்தாள். மகள் அழுது பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். மகன் ஒரு மனநல டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தான். ஏன் ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள் என்று ஊரும் உறவும் கேட்டன. மகன் பெயர் அடிபடாமல் ஒரு பதில் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளாக அவளுக்குப் புத்தி நிலையில் இல்லை என்று அவரே சொல்லி வைத்தார்.

கட்டிலுக்கு மேலே, சத்தம் அடக்கப்பட்ட திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் போர்வைமேல் போட்டிருந்தபோது அது நின்றது. இந்த முறை கருவி சும்மா கத்தியிருக்கவில்லை. நர்ஸ் மகனின் முகத்தைப் பார்த்தாள். மகன் தொப்பியைக் கழற்றினான்.

உடம்பைத் தயார் செய்யும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடையில் இருந்த பெஞ்சில் மகன் உட்கார்ந்தான். அவர் உட்காரவில்லை.

"சும்மா கத்துதுன்னா என்ன அர்த்தம்?"

மகன் நிமிர்ந்தான். கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது கண்ணில் தெரிந்தது.

"கருவியைச் சொல்றதுப்பா. சில நேரம் காரணமே இல்லாம அலாரம் அடிக்கும்."

"அன்னைக்கு அம்மாவுக்கு அடிச்சுதா?"

ஒரு தள்ளுவண்டி அவர்களைக் கடந்து போனது. அது திருப்பத்தில் மறையும்வரை மகன் காத்திருந்தான்.

"ரத்தக் குழாயைக் கரண்ட்டால சுட்டு அடைப்பாங்க. அந்தக் கரண்ட் பட்டா நம்பர் தாறுமாறா ஏறும். எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அன்னைக்கும் அதுதான்னு நினைச்சேன்."

"அது தப்பு. தப்பு எல்லாருக்கும் வரும். நான் அதைக் கேக்கல." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்கம்மா என் எதிர்ல நின்னு அந்த வார்த்தையைச் சொன்னாளே. அது உன் வார்த்தைன்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"கருவியைச் சொன்னேம்மா, உன்னைச் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, முழிச்சிருந்தது நெசம்னு ஆயிடுமே." அவன் தரையைப் பார்த்தான். "நீங்க அவ்வளவு பேர்கிட்ட சொல்லி வச்சிருந்தீங்க, எம் புள்ளதான் தலைமாட்டுல நின்னான்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெற்றவள் பைத்தியம் என்று பெயர் வாங்கியபோது இவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தப் பெயரை ஊருக்குச் சொல்லும் வாயாக அப்பாவை வைத்துக்கொண்டிருக்கிறான். முத்திரை குத்திய கள்ளத் தராசைக் கண்டால் கடைக்காரன் எதிரிலேயே அதை உடைத்துப் போடுவார் அவர். இதற்கு முன் அந்த முத்திரை அவர் கையால் விழுந்ததாக ஒருநாளும் இருந்ததில்லை.

"சட்டையை மாத்திக்கிட்டு வா. வீட்டுல ஆளுங்க வந்திருப்பாங்க" என்றார்.

வந்திருந்தார்கள். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி அவளைக் கிடத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து மகனின் தோளைத் தொட்டார்கள். கடைசிவரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டான், இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றார்கள். அவர் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வாசலில் நின்று கை கூப்பினார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார்.

மனைவியின் தங்கை வெகுதூரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அக்காவின் முகத்தைத் தடவித் தடவி அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஊர் வாயையெல்லாம் சிரிக்க வச்சவ அத்தான் இவ. கடைசில புத்தி பிசகிப் போச்சே, பாவம். ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருந்தா இருந்திருப்பா."

கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகன் சுவரோரம் நின்றிருந்தான்.

"பிசகல" என்றார் அவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அவ புத்தி கடைசிவரைக்கும் தெளிவா இருந்தது. அவ சொன்னதெல்லாம் நெசம்."

என்ன சொன்னாள் என்று கொழுந்தியாள் கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. மகன் தலை குனிந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாரோ என்று மகன் அன்று முழுக்கப் பயந்துகொண்டிருந்திருப்பான்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். விரித்த உள்ளங்கையை அவள் ஆள்காட்டி விரலுக்கு அடியில் வைத்தார்.

அப்போது அலமாரிமேல் யாருடைய போனோ அடிக்கத் தொடங்கியது. உரத்த சத்தம். எடுக்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை போலிருந்தது. மகன் சட்டென்று நகர்ந்து, அதை அணைக்கக் கை நீட்டினான்.

"விடு. கத்தட்டும்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

நீட்டிய கை அப்படியே நின்றது. போன் தானாக ஓயும்வரை கத்தியது.