குப்பையில் கிடந்த மாப்பிள்ளைகள்

செந்துறை பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலைச்செல்வனுக்குத் தப்பு செய்யவும் தெரியாது, செய்ததை மறைக்கவும் தெரியாது. இருந்தும் செய்தான்.

தூரத்துச் சொந்தமான அரியமுத்து, தன் மகள் புவனேஸ்வரியைக் கல்யாண வெப்சைட்டில் பதிந்து தரச் சொல்லி அவனிடம்தான் வந்தார். "போன் நம்பர் போடாத தம்பி, கண்டவனும் கூப்புடுவான். உன் கடை மெயிலயே குடுத்துடு. கவர்மென்ட்டு மாப்ள, இல்லன்னா சிமென்ட் பேக்டரி மாப்ள. ஜெராக்ஸ் கடையெல்லாம் வேணாம்."

யாரிடம் சொல்கிறோம் என்கிற யோசனை அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. கலைச்செல்வனுக்கோ புவனேஸ்வரி கட்டிக்கொள்ளும் முறை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள்மேல் உயிர். ஆனால் அவன் வாய் இருக்கிறதே, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா" என்று கேட்க மட்டும்தான் திறக்கும்.

ஆகவே மெயிலில் வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் டெலிட் செய்தான். பெரம்பலூர் வாத்தியார் போனார். ஜெயங்கொண்டம் வி.ஏ.ஓ. போனார். அரியலூர் சிமென்ட் இன்ஜினியரும் போனார். அரியமுத்து வந்து கேட்டால், "ஒண்ணும் வரல மாமா" என்பான்.

ஒரு திங்கட்கிழமை, பி.எட். விண்ணப்பம் போடப் புவனேஸ்வரியே கடைக்கு வந்தாள். ஓ.டி.பி. பார்க்கக் கடை மெயிலைத் திறந்து கொடுத்துவிட்டு, யாருடைய ஆதாரையோ ஜெராக்ஸ் எடுக்கப் போனான். திரும்பி வந்தபோது அவள் டிராஷ் என்கிற குப்பைத்தொட்டியைத் திறந்து, அவன் அழித்த மாப்பிள்ளைகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சா போயிடும்னு நெனச்சீங்களா?"

"போகாதா?"

"முப்பது நாள் இங்கதான் கெடக்கும். அப்புறம்தான் போவும். மேலயே எழுதியிருக்கு பாருங்க."

பார்த்தான். எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு எட்டு வருஷம் ஆகிறது.

"அரியலூர்க்காரரு நல்லா இருக்காரு. வெள்ளிக்கிழமை அழிஞ்சிடுவாரு. அதுக்குள்ள உங்க வூட்டுலேருந்து வந்து பேசுங்க. இல்லன்னா அவர வெளிய எடுத்து அப்பாகிட்ட காட்டிடுவேன்."

சொல்லிவிட்டு, ஓ.டி.பி. போட்டு, விண்ணப்பத்தை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்து, புதன்கிழமை அம்மாவிடம் சொன்னான். வியாழக்கிழமை தட்டோடு போய் நின்றார்கள். அரியமுத்து வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் வரலன்னு நீதான சொன்ன?"

"ஆமாங்க மாமா."

"அப்ப என்ன பண்றது, சரி."

வெள்ளிக்கிழமை, இன்ஜினியர் அழிந்துபோவதைக் கண்குளிரப் பார்க்கலாம் என்று டிராஷைத் திறந்தான். ஆள் அங்கே இல்லை. பெயரைப் போட்டுத் தேடினான். இன்பாக்ஸில், மூன்றாம் பக்கத்தில், மஞ்சள் நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

உடனே அவளுக்குப் போன் போட்டான். "அவர எப்ப வெளிய எடுத்த?"

"திங்கட்கிழமையே. உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி."

"ஏன்?"

"நீங்க வரலன்னா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு மறுபடி இன்பாக்ஸைப் பார்த்தான்.

அந்த மெயிலை அழிக்க அவனுக்குக் கை வரவில்லை. இன்பாக்ஸில் எத்தனை நாள் இருக்கும் என்று மேலே பார்த்தான். எதுவும் எழுதியிருக்கவில்லை.