ஒன்பது காலைகள்

“இருபத்திரண்டு புள்ளி நாலு. இருபத்திரண்டு புள்ளி மூணு. இருபத்திரண்டு புள்ளி ரெண்டு.” மகள் பழைய நோட்டிலிருந்து வாசித்துக்கொண்டே போனாள். கட்டிலில் படுத்திருந்த அப்பா கையைத் தூக்கினார். தூக்குவதற்கு அந்தக் கையில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை.

“அங்க நிறுத்தும்மா.”

ஏரி ஆய்வு நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். தினமும் காலை ஆறு மணிக்குப் படகுத்துறையிலிருந்து வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கி, அது காட்டுவதை எழுதவேண்டும். ஞாயிறு கிடையாது, மழை கிடையாது. அந்த எண்களை வைத்து நிலைய இயக்குநர் எழுதிய கட்டுரை பெரிய ஆய்விதழில் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதைப் படிக்க ஆசைப்பட்டு இணையத்தில் தேடினார். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்றது திரை. என் வீட்டுக்குள் போக என்னிடமே டிக்கெட் கேட்கிறான் என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் மூன்று வருடம் நிலையத்துக்கு விடாமல் கடிதம் எழுதினார். எறும்பு ஊரக் கல்லும் தேய்ந்தது. யாரும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி எல்லா எண்களையும் பொதுவில் வைக்கலாம், நோட்டோடு சரிபார்த்துத் தருவது மட்டும் அவர் பொறுப்பு என்று போன மாதம் பதில் வந்தது. டாக்டர் அவருக்குக் கெடு சொன்னதும் அதே மாதம்தான்.

மகள் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மற்ற நோட்டுகளை முடித்துவிட்டு இதைக் கடைசியாக எடுத்திருந்தார்கள். ஒன்பது நாள், நாளுக்குப் புள்ளி ஒன்றாக, படி இறங்குவதுபோல எண்கள் இறங்கியிருந்ததை அவளும் கவனித்திருந்தாள். பஸ்கூட இவ்வளவு ஒழுங்காக வராதே அப்பா என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அது நான் பாத்து எழுதினது இல்ல. நீ அஞ்சு வயசுல காய்ச்சல்ல கிடந்த ஒன்பது நாள் அது. அம்மாகிட்ட ஏரிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிக் கால் போகல. கீழ வண்டி நிறுத்தற இடத்துல உக்காந்திருப்பேன். அங்கேருந்து உன் ஜன்னல் தெரியும்.”

வார்டில் ஒருவருக்குத்தான் அனுமதி. உள்ளே இருந்தவள் அம்மா. பிள்ளை உயிருக்குப் போராடும்போது தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்கப் போன மனுஷன் என்று முப்பது வருடமாக அவள் சொல்லாத கல்யாண வீடு இல்லை. அவரும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

“ஏம்ப்பா சொல்லல?”

“போகலன்னு சொன்னா, நோட்டுல எழுதினது பொய்னு ஆயிடும்ல.”

அறை வாசலில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. மடித்ததை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

மகள் இயக்குநருக்கு போன் போட்டாள். பதினோராயிரத்துச் சொச்சம் நாளில் ஒன்பது நாள் கடலில் கரைத்த பெருங்காயம், அப்படியே விட்டுவிடுங்கள், நல்ல மனுஷர் பெயர் ஏன் கெடவேண்டும் என்றார் அவர். சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கூடாது என்று தலையாட்டினார்.

“பூட்டிக் கிடந்தவரைக்கும் அது என் பொய் சார். திறந்துவிட்டா, நம்பி எடுக்கறவன் தலையில விழும்.”

நிலையம் சரிபார்க்க அனுப்பியிருந்த கணினிப் பட்டியலில் ஒன்பது எண்களையும் மகள் அழித்தாள். காலியான கட்டங்களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. அப்பா சொல்லச் சொல்ல அதில் எழுதினாள்: ‘அளக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல். முன்பு எழுதியவை கற்பனை எண்கள்.’

மூன்று மணிக்கு எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டது. அப்பாவுக்கு அது போதவில்லை. அம்மாவின் போனில் திறந்து பார்க்கச் சொன்னார். ஏரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற போனிலும் திறக்கவேண்டுமாம். திறந்தது.

“பேரு, ஊரு ஏதாவது கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலப்பா.”

நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டார். மகளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா ஈரத்துணியால் அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. இரண்டாவது பாதத்தையும் துடைத்து முடித்த பிறகுதான் அம்மா மகளைக் கூப்பிட்டாள்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன நாளில், நிலையத்தின் வழியாக மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ தூரத்தில் ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். எண்களை எடுத்துக்கொண்டாளாம், நன்றியாம். கடைசியில் ஒரு வரி: ‘ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டதா?’

மகள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவ நல்லா இருக்கான்னு எழுது.”

மகள் எழுதினாள்.

“அவங்கப்பா ஒன்பது நாளும் கீழதான் உக்காந்திருந்தாருன்னும் எழுது.”

அதையும் எழுதினாள். அனுப்பப் போன கையை அம்மா பிடித்து நிறுத்தினாள். எழுந்துபோய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துச் சரிபார்த்தாள்.