கலங்கல் நூற்று எண்பது

காலை ஏழரைக்கு மணிமொழி படகிலிருந்து குனிந்து மீட்டரை ஆற்றில் இறக்கினாள். கலங்கல் அளவு நூற்று எண்பது காட்டியது. ஐம்பதைத் தாண்டினால் தூர்வாரும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்; அதைப் பார்த்துச் சொல்லத்தான் கம்பெனி அவளை வேலைக்கு வைத்திருந்தது.

அடையாறு கடலில் சேரும் இடத்தில் பல வருஷமாகப் படிந்த கறுப்புச் சேறு. ஈயமும் எண்ணெயும் ஊறிய சேறு. அது வெளியே பரவாமலிருக்க இயந்திரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மிதவைத் திரை, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

சைட் மேனேஜர் பரத்வாஜுக்குப் போன் போட்டாள்.

"மீட்டரைக் கழுவிட்டு இன்னொரு தடவை பாருங்க."

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். திரை கிழிஞ்சிருக்கு."

"அப்போ பாலத்துக்கிட்ட போய் எடுங்க. அங்க தெளிவா இருக்கும்."

"சேறு கடல் பக்கம் போகுது சார். பாலம் மேல இருக்கு, அங்க எடுத்து என்ன பிரயோஜனம்?"

"மதியம் பேசலாம்."

மதியம் அவர் போனை எடுக்கவே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு எண்ணைப் போட்டாள். பதினொரு பேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். போனை அப்படியே ஆற்றில் வீசலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் கரைக்கு வந்தபோது அங்கே பட்டினப்பாக்கத்து மீன்காரி வேலம்மா மடவை மீன் கூடையோடு நின்றிருந்தாள்.

"இன்னா கண்ணு, தண்ணி இப்டி கறுப்பா கீது?"

அளவுகளை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள் மணிமொழி. இருந்தும் சொன்னாள்.

"இன்னிக்கு இங்க புடிச்சத விக்காதீங்கக்கா. திரை கிழிஞ்சு விஷச் சேறு வெளிய வருது."

"மேனேஜராண்ட சொன்னியா?"

"காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

வேலம்மா கூடையையே வெறித்துப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

மூன்று மணிக்கு மீனவர்களின் ஏழு ஃபைபர் படகுகள் இயந்திரத்தை மறித்து நின்றன. இயந்திரம் நின்றது. மதியம் போனையே எடுக்காத பரத்வாஜ் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். புதுத் திரை கட்டிய பிறகே வேலை தொடங்கும் என்று மீனவர்களிடம் ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் கம்பெனி ஆட்கள் கட்டவும் செய்தார்கள்.

மூன்றாம் நாள், வேலை நின்றது பற்றிய அறிக்கை மணிமொழியிடம் கையெழுத்துக்கு வந்தது. 'இயந்திரக் கோளாறால் பணி நிறுத்தம்' என்றிருந்தது. அவள் எடுத்த நூற்று எண்பதுக்கு எதிரே 'மீட்டர் பிழை'.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"திரைதான் கட்டியாச்சே, இன்னும் என்ன?"

"மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு."

பரத்வாஜ் தாளை வாங்கிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவளைக் கோடம்பாக்கம் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஏ.சி. அறை, நல்ல நாற்காலி. ஆற்றில் இப்போது யார் அளவெடுக்கிறார்கள் என்று அங்கே நான்கு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை.